ஏழாவது பீஸ்

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் முழங்கால் எப்போதும்போல. உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடம் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடினவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

போனில் கூப்பிட்டால் குறுக்கே பேசுவாய், இல்லாவிட்டால் டிப்போவுக்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் இரண்டும் முடியாது. கடைசி வரி வரைக்கும் படி.

நெட்டை உன் ஊரிலிருந்து திரும்பி நாலு நாள் ஆகிறது. பையைப் பிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் உதைத்தவள்தான், இன்னும் அது அங்கேயே கிடக்கிறது. தட்டில் போட்டதைத் தொடாமல் என் பேத்தி எழுந்து போய் இந்தப் பதினேழு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல பாட்டி" என்கிறாள். அவளுடைய பயிற்சியாளர் அம்மாதான் வீடு தேடி வந்து எல்லாம் சொன்னாள்.

பள்ளிகளுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டமாம். தலைமை நடுவர் நீயாம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் நெட்டைக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்தாயாம். ஐந்து ஆனால் வெளியே போக வேண்டும், அது எனக்கும் தெரியும். ஒரு பாயிண்ட்டில் தோற்றார்கள், அதையும் விடு. வெளியே போகிறவள் உன்னிடம் வந்து கையைப் பிடித்தாளாம். நீ உதறிவிட்டு, "ஆட்டக்காரர் நடுவர் மேல் கை வைத்தார்" என்று எழுதிக் கொடுத்தாயாம். ஒரு வருஷம் தடையாம். ஜூனில் தேர்வு முகாம் இருக்கிறது. எட்டு வயசிலிருந்து அவள் ஓடினது அதற்காகத்தான். அது இப்போது இல்லை.

யார் மேலடா கை வைத்தாள்? லீவுக்கு வரும்போதெல்லாம் உன் டிப்போ வாசலில் அந்தப் பெரிய ரோட்டைக் கடக்க, மூன்று வயசிலிருந்து அவள் பிடித்த கை அது. அது உனக்குத் தெரியாமல் போய்விட்டதா?

பதில் எழுது. வேறென்ன, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். முழங்காலுக்கு மருந்துக்கடையில் விற்கிற பட்டை வாங்கி மாட்டிக்கொள். மாடிப்படி ஏறாதே.

உன் கோபம் புரிகிறது. ஆனால் மைதானத்தில் எனக்கு அக்காவும் இல்லை, பேத்தியும் இல்லை. பதினொன்று என்று ஒரு எண் இருந்தது. அந்த எண் தப்பு செய்தது, ஊதினேன். ஆட்டக்காரர் நடுவரைத் தொடக்கூடாது. எதற்காகத் தொட்டார் என்று விதிப்புத்தகம் கேட்பதில்லை.

நான் சரியாகத்தான் ஊதினேன் என்பதற்கு என் வாய்ப்பேச்சு வேண்டாம். அன்றைக்கு மேசைக்குப் பின்னால் ஒரு மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஊதினது சரியா, ஊதாமல் விட்டது சரியா என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவது அவர் வேலை. எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு போட்டிருக்கிறார். "கடைசி இரண்டு நிமிடத்தில் ஐந்தாவது ஃபவுலைக் கொடுக்கத் துணிவு வேண்டும்" என்று தனியாக ஒரு வரி வேறு. ஆகஸ்டில் எனக்கு ஐம்பது முடிகிறது. அதற்குமேல் முதல்நிலை நடுவர் பட்டியலில் யாரையும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக டிப்போவில் டைம் கீப்பர் வேலையும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வெயிலில் ஓடினது இந்த ஒரு ஆட்டத்துக்காக. அக்காவாக நீ அதற்கும் கொஞ்சம் சந்தோஷப்படலாம்.

நெட்டைக்கு வயசு இருக்கிறது. அடுத்த வருஷமும் முகாம் நடக்கும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 25

மதிப்புக்குரிய தலைமை நடுவர் அவர்களுக்கு,

பதினொன்றாம் எண்ணின் பாட்டி எழுதிக்கொள்வது. தாங்கள் சௌக்கியம் என்று அறிந்தேன். என் முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொண்ணூற்று நான்கு வாங்கினீர்களாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் உங்களை ஒன்றாம் வகுப்பில் விட்டவள் நான். அன்றைக்கு நீங்கள் என் கையை விடவே இல்லை, என் சட்டை கிழிந்தது. அப்போதே ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கலாம், தோன்றவில்லை.

நேற்றுதான் நெட்டை வாயைத் திறந்தாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவளுக்குப் போன் செய்தீர்களாம். "நாளைக்கு கிரவுண்டுல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா" என்று சொன்னீர்களாம். அவளும் முப்பத்தெட்டு நிமிடம் அப்படியே இருந்தாளாம். உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். கடைசியில் ஐந்தாவது விசில் ஊதினதும் மறந்துபோய்க் கையைப் பிடித்துவிட்டாளாம். "மறந்துட்டேன் பாட்டி" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

ஒரே கேள்வி. அவள் உங்கள் சொந்தம் என்று நடுவர் குழுவிடம் ஆட்டத்துக்கு முன்னால் சொன்னீர்களா, இல்லையா?

தடையை எதிர்த்துப் பயிற்சியாளர் அம்மா மனுப் போட்டிருக்கிறாள். மே முப்பதாம் தேதி விசாரணை.

இப்படிக்கு,
தங்களுக்கு அக்கா இல்லாதவள்


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். இரண்டு புது ரூட் விட்டிருக்கிறார்கள், வண்டி எதுவும் நேரத்துக்கு வருவதில்லை. இங்கே வெயில் கடுமை. நீ தண்ணீர் நிறையக் குடி.

அந்த ஆட்டத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம். விசாரணை குழுவின் கையில் இருக்கிறது. நான் கருத்துச் சொல்வது முறையல்ல.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். தண்ணீர் குடிக்கிறேன். பட்டையும் வாங்கி மாட்டினேன், கால் கொஞ்சம் தேவலை. நீ வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போ.

சொன்னபடியே அந்த ஆட்டத்தை விட்டுவிட்டேன். கத்தி என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒரு வெட்கம் மிச்சம் இருக்கிறது. பேத்தி ஆடுவதை ஒன்பது வருஷம் பார்த்தேன். பந்து வலைக்குள் போனால் கை தட்டுவேன், விசில் ஊதினால் திட்டுவேன். எது தப்பு, எது சரி என்று இன்றுவரை தெரியாது. வீட்டிலேயே ஒரு நடுவரை வைத்துக்கொண்டு யாரைப் போய்க் கேட்பது. கேள்வி எழுதியிருக்கிறேன், பொழுது கிடைக்கும்போது பதில் எழுது.

ஒன்று. ஒருத்தி இரண்டு காலையும் ஊன்றி, கையை நேராக மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். பந்தோடு வருகிறவள் தாவி அவள் நெஞ்சில் மோதுகிறாள். யார் மேல் தப்பு?

இரண்டு. பந்தோடு ஓடுகிறவளுக்குக் குறுக்கே, கடைசி நொடியில் ஒருத்தி இடுப்பை நீட்டுகிறாள். ஓடினவள் விழுகிறாள். இது?

மூன்று. பந்து யார் கையிலும் இல்லாமல் உருளுகிறது. இரண்டு பேரும் பாய்கிறார்கள், இரண்டு பேரும் விழுகிறார்கள். ஒருத்திக்கு அடி. இன்னொருத்தி மேல் தப்பா?

நான்கு. எறியப்போகிறவள் பந்தைப் பிடித்திருக்கிறாள். எதிரி பந்தைத் தட்டுகிறாள். பந்தைப் பிடித்திருக்கும் விரலிலும் படுகிறது. அது அடித்ததாகுமா?

ஐந்து. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எம்புகிறவளைப் பின்னாலிருந்து தள்ளினால்?

ஆறு. ஓடுகிறவளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினால்?

சின்னப்பிள்ளைக் கேள்வி என்று சிரிக்காதே. நெட்டை உன்னை விசாரிக்கவில்லை, ஆனால் நான் விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன்.

ஆசிகளுடன்,
அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் பார்த்து மனசு லேசானது. இன்றைக்கு டிப்போவில் நாலு வண்டி தாமதம், யாரையும் திட்டவில்லை.

சின்னப்பிள்ளைக் கேள்வியா? புது நடுவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நான் கேட்கிற கேள்விகளே இவைதான். உனக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது?

ஒன்று: மோதினவள் மேல்தான் தப்பு. முதலில் போய் நின்றவளுக்கு அந்த இடம் சொந்தம், அவள் கை நேராக இருக்கிற வரைக்கும் தலைக்கு மேலே இருக்கிற காற்றும் சொந்தம். இதில் சந்தேகமே கிடையாது. நின்றவள் மேல் ஊதுகிறவன் நடுவரே இல்லை. இரண்டு: இடுப்பை நீட்டினவள் மேல் தப்பு, கண்டிப்பாக ஊத வேண்டும். மூன்று: யார் மேலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் பந்து மேல் ஒரே உரிமை. விழுந்ததற்கெல்லாம் ஊதினால் ஆட்டம் நடக்காது. நான்கு: தப்பில்லை. பந்தைப் பிடித்திருக்கும் கையும் பந்தில் சேர்த்திதான். ஐந்து, ஆறு: இரண்டும் தப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள். சரியாக ஊதுவது பாதி வேலைதான். முதல் நிமிடத்தில் ஊதினதையே கடைசி நிமிடத்திலும் ஊத வேண்டும். இந்தப் பக்கத்துக்கு ஊதினதையே அந்தப் பக்கத்துக்கும் ஊத வேண்டும். ஒரு நடுவர் கொஞ்சம் கடுமையாக இருந்தால்கூட ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கண்ணால் பார்த்தால் பொறுக்க மாட்டார்கள்.

இன்னும் கேள்வி இருந்தால் எழுது. தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி


மே 1

டேய்,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனசில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் துணித் தொழிற்சாலையில் கடைசிச் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட். அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தான், மூக்குக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தோம். காலையில் நாங்கள் பார்த்துத் தள்ளின சட்டையையே சாயங்காலம் வேறு பண்டலுக்குள் சொருகி அனுப்புவான். ஒரே சட்டை, ஒரே பழுது. காலையில் ரிஜெக்ட் பண்ணினவள் சாயங்காலம் பாஸ் பண்ணினால் அன்றோடு மேசையிலிருந்து இறக்கிவிடுவான். நல்ல பீஸையும் கலந்து வைப்பான், இல்லாவிட்டால் செக்கர் உஷாராகிவிடுவாள். முப்பத்தொரு வருஷம் என்னை அவன் இறக்கினதில்லை.

நான் அனுப்பின ஆறும் உன் பீஸ்தான். எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா ஆட்டம் முழுக்க வீடியோ எடுத்திருக்கிறார். பயிற்சியாளர் அம்மா கேட்டு வாங்கித் தந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பதினோரு தடவை பார்த்தேன். சட்டையின் நிறத்தையும் எண்ணையும் மட்டும் கழற்றிவிட்டு உனக்கு அனுப்பினேன்.

மூன்றாம் கேள்வி, நெட்டையின் மூன்றாவது ஃபவுல். யார் மேலும் தப்பில்லை என்கிறாய், அன்றைக்கு அவள் மேல் ஊதினாய். நான்காம் கேள்வி, அவளுடைய நான்காவது. தப்பில்லை என்கிறாய், ஊதினாய். முதல் கேள்வி அந்த ஐந்தாவது. கையைத் தூக்கிக்கொண்டு மரம்மாதிரி நின்றது என் பேத்தி. "நின்றவள் மேல் ஊதுகிறவன் நடுவரே இல்லை." உன் கையெழுத்து, என் பெட்டியில் இருக்கிறது. இரண்டாம் கேள்வியில் இடுப்பை நீட்டினது எதிரணி ஏழாம் எண், விழுந்தது நெட்டை. கண்டிப்பாக ஊத வேண்டும் என்கிறாய். அன்றைக்கு உன் விசிலுக்கு என்ன வந்தது? ஐந்தும் ஆறும் நீ சரியாக ஊதினவை. அதில் ஒன்று எதிரணி மேல், ஒன்று நெட்டை மேல். அதையும் சேர்த்துத்தான் வைத்தேன், நான் நியாயக்காரி.

அவளை அறியாதவன் ஊதியிருந்தால் இப்படி ஊதியிருக்க மாட்டான். சொந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஊதியிருக்கிறாய். தொண்ணூற்று நான்கு மார்க்கை நீயே வைத்துக்கொள். என்னிடம் ஆறுக்கு இரண்டுதான் வாங்கியிருக்கிறாய்.

இரண்டு கடிதமாக ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறாய். குழுவிடம் சொன்னாயா?

அக்கா


மே 18

தம்பிக்கு,

பதினேழு நாள் ஆயிற்று. டிப்போவுக்குப் போன் செய்தேன். லீவில் இருக்கிறாய் என்றார்கள். உடம்புக்கா என்று கேட்டேன், தெரியாது என்றார்கள்.

உடம்புக்கு என்றால் ஒரு வரி எழுது. மனசுக்கு என்றால் எழுத வேண்டாம், அப்படியே இரு.

முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான்.

அக்கா


மே 26

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

குழுவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆட்டத்திலிருந்து என்னை எடுத்திருப்பார்கள். பட்டியலுக்கு வேறு ஆட்டம் கிடைத்திருக்காது. அதனால்தான் பிள்ளைக்குப் போன் செய்தேன்.

நீயும் பதினோரு தடவை பார்த்திருக்கிறாய். அதனால் இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். முதல் குவார்ட்டர், ஆறாவது நிமிடம். பந்து அந்தக் கோடியில் இருக்கிறது. நெட்டையின் கை எதிரணி ஒன்பதாம் எண்ணின் சட்டையில். பிடித்து இழுக்கிறாள், அந்தப் பெண் தடுமாறுகிறாள். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். நேராகப் பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது, ஊதவில்லை. ஏன் என்று கேட்டால், சின்ன வயசில் என் சட்டையையும் அவள் அப்படித்தான் பிடித்து இழுப்பாள் என்பது தவிர வேறு காரணம் இல்லை.

அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. மதிப்பீட்டாளர் ஏதோ எழுதினார், அதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒன்றை விட்டதற்கு மூன்றாக அவள் மேல் ஊதித் தீர்த்தேன். விட்டதை ஈடுகட்ட ஊதாதே என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் வந்து கையைப் பிடித்தபோது எனக்கு முதலில் தோன்றினது, மேசைக்காரர் பார்த்துவிட்டாரா என்பதுதான். அப்புறம்தான் அது யார் கை என்று தோன்றியது. உதறினதற்கு அப்புறம்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். சொந்தம் என்பதை மறைத்தது, தப்பாக ஊதின மூன்று, ஊதாமல் விட்ட இரண்டு, கையைப் பிடித்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பது, எல்லாம். சட்டையைப் பிடித்ததையும் எழுதியிருக்கிறேன். அது நெட்டைக்குக் கெடுதலாக முடியலாம். மறைத்து எழுதினால் மறுபடியும் ஆளுக்கொரு கண்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறு பீஸ் அனுப்பினாய். ஏழாவது எங்கே?

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் இருக்கிறோம். உன் உடம்பை அசட்டை பண்ணாதே, இது கோபத்தோடுதான் சொல்கிறேன்.

தடையை எடுத்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்ததற்கு ஓர் எச்சரிக்கை, காகிதத்தில். முகாமுக்குப் போகலாம். உனக்கு இரண்டு வருஷம் விசில் இல்லை, பட்டியலும் இல்லை என்று பயிற்சியாளர் அம்மா சொன்னாள். நான் "நல்லது" என்றேன். அவள் போனபிறகு நீ மார்க்கைப் பற்றி எழுதின கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன்.

ஏழாவது எங்கே என்று கேட்டாய். முதல் தடவையே பார்த்தேன். மீதிப் பத்துத் தடவையும் அந்த இடம் வந்தால் எனக்குத் தாகம் எடுக்கும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். நான் நியாயக்காரி என்று உனக்கு எழுதினேனே, அந்த வரி எழுதும்போதும் எழுந்து தண்ணீர் குடித்தேன். முப்பத்தொரு வருஷம் ஏமாறாத கண் சொந்தச் சட்டை வந்ததும் பாஸ் போட்டுவிட்டது. மூக்குக்கண்ணாடி இருந்திருந்தால் நம் இரண்டு பேரையும் சேர்த்து இறக்கியிருப்பான்.

அதற்காக உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நான் மறைத்ததால் யாருடைய கையும் உதறப்படவில்லை.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "ஆமா பாட்டி, இழுத்தேன். அவர் பார்த்ததையும் பார்த்தேன். ஊதுவார்னுதான் நினைச்சேன்" என்றாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துத் தூசி தட்டினாள்.

முகாம் உன் ஊரில். பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு உன் டிப்போவில் இறங்குவாள். மைதானம் எதிர்ப்பக்கம். அந்த ரோட்டைக் கடக்கணுமே, டிப்போ தாத்தாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எனக்குப் பதினேழு வயசு. தனியாவே கடப்பேன்" என்றாள். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அதனால் நீ போய் எதிர்ப்பக்கம் நில். கிட்டே வராதே, கையை நீட்டாதே. அவள் கடந்து வருகிறாளா என்று மட்டும் பார்.

ஏதாவது தப்பாகப் பட்டாலும் ஊதாதே.

அக்கா